பகரத்தில் ஒரு வாழ்த்து மடல்

எனக்குத் திக்குவாய். அதிலும் 'ப' என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். குடியிருப்பதோ பெருங்களத்தூரில்! தாம்பரத்தில் பஸ் ஏறினால் "வண்டலூர்" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிடுவேன். தங்கை கூட வந்தால் அந்தத் தொல்லை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள். சின்ன வயதிலிருந்து என் பாதி வாக்கியங்களை முடித்துவைத்தது அவள்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு மேடவாக்கத்தில் ஃபிளாட். இனி என் வாக்கியங்களை யார் முடிப்பார்கள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் ஹாலில் வாழ்த்து மடல் வாசித்து, அதையே ஃபிரேம் போட்டுக் கையில் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். "நீதான் எழுதணும், நீயேதான் படிக்கணும்" என்று அடம்பிடித்தாள் ராட்சசி.

எழுதினேன். 'ப'வில் தொடங்கிய சொல்லுக்கெல்லாம் வேறு சொல்லைப் போட்டேன். பந்தலை மண்டபமாக்கினேன், பாட்டை இசையாக்கினேன். ஆயுசுக்கும் நான் பழகிய வேலை அது. படித்துப் பார்த்தால் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எரிச்சலில், முதலில் மனசில் வந்ததையே எழுதிவைத்தேன்:

பந்தல் நிறைந்தது, பாட்டும் பறந்தது,
பார்த்த முகமெல்லாம் பளிச்சென்று சிரித்தது.

முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை என்று பள்ளியில் இரண்டு மார்க்குக்கு நெட்டுருப் போட்டவள்தான் நான். அதில் ஒரு சொல்லை மாற்றினாலும் வரியே படுத்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒளிய இடமே இல்லை.

ஹாலில் மைக் முன்னால் நின்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மேடையிலிருந்த தங்கையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, "பந்தல்" வந்துவிட்டது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு "பாட்டும்" வந்தது, "பறந்தது" வந்தது, "பார்த்த முகமெல்லாம்" வந்தது. ஒரு சொல் திறந்துவிட்ட உதட்டில் அடுத்த சொல் தயாராக இருந்தது. இதற்குத்தானா மோனை என்று முப்பது வயதில் எனக்குப் புரிந்தது. பிறகு வந்த வரிகளில் இரண்டு இடத்தில் திக்கினேன், ஆனால் பயப்படவில்லை. முடித்ததும் அப்பாடா என்றிருந்தது.

ஃபிரேமை வாங்கிக்கொண்டு தங்கை கண்ணைத் துடைத்தாள்.

"உனக்கு முன்னாடி நான் சொல்லிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன்க்கா."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதிலும் திக்கினேன். அவள் காத்திருந்தாள்.