அடுப்போரம் காய்ந்த ஷூ

நெடுந்தூரம் ஓடுகிறவள்தான் நான். ஆனால் கார்த்திகை மழைக்குளிரில் விடியுமுன் எழுவதென்றால் எரிச்சல் வரும். என்னோடு ஓடும் பக்கத்து வீட்டு அக்கா அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். ஓடி முடித்ததும் என் நனைந்த ஷூவைப் பறித்துக்கொண்டு போய், காகிதம் திணித்து, ரப்பர் மர விறகு எரியும் அடுப்போரம் வைத்துவிடுவாள். மறுநாள் அதை வாங்கப் போனால், அவள் ஓடத் தயாராக நிற்பாள். எங்கே தப்பிப்பது?

ஒருநாள் மாலை அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். காலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். விடியுமுன் கதவு தட்டும் சத்தம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் என் ஷூவுமாக அக்கா நின்றாள்.

“ஏட்டி, எனக்கு இன்னைக்கி ஏலாது. நீ ஓடிட்டு வா.”

ஷூவுக்குள் கால் விட்டேன். சூடாக இருந்தது. அந்தக் காய்ச்சலிலும் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

மழையைத் திட்டக்கூட மறந்து ஓடினேன்.