கோமளாவின் ஆரஞ்சுக் கிழங்கு

கோமளாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. கோபப்பட்டாலும் முழுசாகப் படுவாள், நம்பினாலும் முழுசாக நம்புவாள். அந்த நம்பிக்கைதான் அவள் குடியைக் கெடுத்தது என்று மலாக்கா பக்கத்து ஜாசினில் இரண்டொருவர் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? வெயிலில் தண்ணீர் சுமந்தவள் அவள்.

அவள் புருஷன் புவனேஸ்வரன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மழையில் வழுக்கும் எஸ்டேட் மேட்டில் லாரியைப் பின்பக்கமாகவே இறக்கிவிடும் ஆள். சர்க்கரை நோய் வந்து பார்வை மங்கியதும் லாரியை விட்டுவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். போன தீபாவளிக்குச் சற்று முன்பு கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் கசிகிறது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் லேசர் வைத்தாக வேண்டும் என்றார். லேசர் என்றதும் மனிதர் பயந்துபோனார். கண்ணுக்குள் நெருப்பு வைப்பதா என்று வீடு வரும்வரை புலம்பினார்.

அந்த வாரம்தான் ஜாசின் பசாரில் ஒரு காய்காரர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம். வெள்ளையில் இல்லாத வைட்டமின் ஏ இதில் கொட்டிக் கிடக்கிறது, கண்ணுக்கு இதைப் போல் ஒன்றில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சத்து குறைந்து மங்கிய கண்ணுக்கு அது மருந்துதான். ஆனால் இவள் வீட்டில் இருப்பது எந்தக் கண் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கொடி வெட்டித் தருவீர்களா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் பின்னால், மின்கம்பிக்குக் கீழே கேட்பாரற்றுக் கிடந்த செம்மண் சரளையில் மேடு மேடாக மண்ணைக் கூட்டி, கொடியை நட்டாள். வேலியோரம் எஸ்டேட் காலத்து வெள்ளைக் கிழங்கு தானாகவே படர்ந்து கிடந்தது. அதை அவள் சீண்டவில்லை. மாவைத் தவிர அதில் என்ன இருக்கிறது!

பொங்கலுக்கு முன்பே மழை நின்றுபோனது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. சர்க்கரைவள்ளி வறட்சிக்குப் பயப்படாத கொடி, வேர் பிடித்துவிட்டால் காய்ந்த மண்ணிலும் கிழங்கு வைத்துவிடும். அதன் எமன் வேறு. மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகக் கூன்வண்டு இறங்கிக் கிழங்கைத் துளைத்துவிடும். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சுமந்து ஊற்றி, ஈரம் காய்வதற்குள் மண்ணை அணைத்து வெடிப்பை மூடுவாள். முட்டி வீங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி ஜனவரியில் வந்தபோது, கிழங்கு இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். லேசருக்குப் பயந்த மனிதர் உடனே தலையாட்டிவிட்டார்.

தைப்பூசம் முடிந்து முதல் மேட்டைத் தோண்டினாள். தோலோடு அவித்து, எண்ணெய் சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். கொடியின் கொழுந்தை நெத்திலி போட்டு வதக்கினாள். சோற்றைக் குறைத்து, கிழங்கைக் கூட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் தினமும் ஒரே கேள்வி, இப்போது எப்படித் தெரிகிறது? கொஞ்சம் தேவலாம் என்பார். ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்து, நம்பரை எழுத்து விடாமல் படித்துச் சொன்னார். கோமளா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பங்குனி உத்திரத்தன்று எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போய், நேர்ந்துகொண்டபடி வெள்ளிக் கண்மலரை அம்மன் காலடியில் வைத்தாள்.

அந்தக் கார் பாட்ரீசியாவுடையது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண். அவள்தான் வேலியோரம் நின்று சொன்னாள்.

"அக்கா, கெழங்கு நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அண்ணனோடது சத்துக் கொறைஞ்ச கண்ணு இல்லலா, சக்கரை கெடுத்த கண்ணு. கெழங்குலயும் மாவு இருக்கு, அளவா குடுங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

உன் கார் நம்பரையே படித்துவிட்டார், போ போ என்று கோமளா வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பாட்ரீசியாவோடு பேச்சில்லை.

சித்திரை வெயிலில் கோமளா காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். எழுந்து போய்ப் பார்த்தால் மேடெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. மண்வெட்டியைப் போட்டுத் தோண்டினாள். ஆரஞ்சுக் கிழங்கு முழுக்கக் கறுப்பு ஓட்டை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். கிள்ளி நாக்கில் வைத்தாள், கசந்தது. ஒன்றாவது தேறுமா என்று கடைசி மேடு வரை தோண்டினாள். தேறவில்லை. பாவி வயிற்றெரிச்சல்! வேலியோரத்து வெள்ளைக் கிழங்கு மட்டும் ஆழத்தில் இறங்கியிருந்ததால் தப்பித்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் அவித்தாள்.

புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பார்வை தெளிந்துவரும் நேரத்தில் மருந்தை மண்ணிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு தட்டை அவர் மடியில் வைத்தாள். பட்டப்பகல், வாசல் வெளிச்சம் தட்டின் மேலேயே விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து தட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு நல்லா செவந்திருக்கு கோமளா. இந்தக் கலரைப் பாத்தாலே கண்ணு குளிருது."

சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது கிழங்கு. அந்தக் கார் பத்து வருஷமாக எதிரே நிற்கிறது, நம்பர் இந்தத் தெருவுக்கே மனப்பாடம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். மறுநாள் பாட்ரீசியாதான் லீவு போட்டு, அதே காரில் இருவரையும் மலாக்காவுக்கு அழைத்துப் போனாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் கோமளாவுக்கு இன்னும் வலித்தது. டாக்டர் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் நிழலாடுகிறது, அதையாவது காப்பாற்ற முடியுமா பார்க்கலாம் என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கோமளாவைக் கேட்டார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை மாதமும் அவர் சொன்னதைத்தானே அவள் அறிவாள்.

புவனேஸ்வரன் அவள் இருந்த பக்கம் கையைத் துழாவி, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு முந்தியே போயிருச்சு. நீ வெயில்ல வாளி தூக்கிட்டுப் போற சத்தம் கேக்கும். எப்படிச் சொல்றது?"

பொங்கலுக்கு முன்பு. முதல் மேட்டைத் தோண்டியது தைப்பூசத்துக்கு அப்புறம். அப்படியானால் அந்த ஆரஞ்சு நிறத்தை அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.