ஓட்டை டாக்டரும் மூடி டாக்டரும்

கண் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஊசி போடுவது சின்ன வேலை, "பார்வை எப்பத் திரும்பும்?" என்ற கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்வதுதான் பெரிய வேலை. நோயாளிகளோடும் டாக்டர்களோடும் மல்லுக்கட்டிய என் நர்ஸ் இனத்தாரே, இது உங்களுக்குத் தெரியாததா? காரைக்குடியில் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆபரேஷன் அறை நர்ஸாக இருந்தேன். புரை எடுத்தால் எல்லாருக்கும் சந்தோஷம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும் கிளாக்கோமாவில்தான் திண்டாட்டம். போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது; மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

கம்மாய்க்காரர் சொன்ன விளக்கம்

எங்கள் பெரிய டாக்டர் செய்துவந்தது ஓட்டை முறை. வெள்ளை விழியில் கடுகளவு ஒரு துளை. உள்நீர் அதன் வழியே வடிந்துவிடும். அழுத்தம் நன்றாக இறங்கும். சில சமயம் அளவுக்கு மீறி இறங்கிக் கண் தொய்ந்துபோகும். எழுபதுகளின் நடுவில் வந்து சேர்ந்த சின்ன டாக்டர் புது முறை கற்று வந்திருந்தார். வெள்ளை விழியில் பாதி கனத்துக்கு ஒரு மூடியைச் சீவித் தூக்கி, அடியில் வழி திறந்து, மூடியைத் திரும்ப வைத்துத் தைத்துவிடுவார். நீர் நிதானமாகக் கசியும். "ஆறி ஒட்டிக்கிட்டா மறுபடி அழுத்தம் ஏறுமேப்பா" என்பார் பெரியவர்.

கம்மாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் கீழச்சிவல்பட்டி விவசாயி கருப்பையாவின் கட்டிலுக்கு இருபுறமும் நின்று ஒருநாள் இருவரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் இங்குட்டும் அங்குட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தாயி, பெரியய்யா கரையில உடைப்பு எடுக்கணுங்குறாக, சின்னய்யா மடைக்குப் பலகை போடணுங்குறாக. இவுக பேசி முடிக்கிறதுக்குள்ள என் கம்மா நெறைஞ்சு போயிரும்!"

வேண்டுதல்

கண்டனூர் ஆச்சி ஒருவருக்குக் கிளாக்கோமா. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் புரை. இருவருக்கும் ஒரே நாளில் கட்டுப் பிரித்தோம். பக்கத்துக் கட்டில் அம்மா சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் சுவரில் பல்லியைக் கண்டு கைதட்டினார். ஆச்சிக்கு முன்பு தெரிந்ததுதான் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்பு சொன்னதையே மறுபடி சொன்னேன்: அழுத்தம் இறங்கிவிட்டது, இருக்கிற பார்வை இனி நிலைக்கும் என்று. கண்ணைக் கசக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னார்: "இருக்கிறது போகாம இருக்கவா இம்புட்டுப் பாடு? வெளங்குற மாதிரி முன்னமே சொல்லியிருக்கப்படாதா? குன்றக்குடி முருகன்கிட்ட நான் போன பார்வையையும் சேத்துல்ல கேட்டுப்புட்டேன்!"

ஆட்டுக்கூட்டம்

மாணிக்கம் என்ற பஸ் டிரைவரை அவருடைய கண்டக்டர்தான் இழுத்து வந்தார். டிரைவருக்கு நேரே இருப்பது நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் வருவது தெரியவில்லை. திருப்பத்தூர் ரோட்டில் இடது பக்கமிருந்து ஏறிய ஆட்டுக்கூட்டத்துக்கு, கண்டக்டர் கத்தியபிறகுதான் பிரேக் போட்டிருக்கிறார். சின்ன டாக்டர் மூடி முறையில் இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்துச் செய்தார். அழுத்தம் இறங்கி நின்றது. ஆனால் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இந்த மாதிரி வேலையை டாக்டர்கள் யாரிடம் தள்ளுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. மாணிக்கத்திடம் சொன்னேன். காக்கிச் சட்டையை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் வெளியே போய் அழுதேன்.

சில மாதம் கழித்து இருவரும் சோதனைக்கு வந்தார்கள். பஸ் முதலாளி மாணிக்கத்துக்கு ஸ்டாண்டிலேயே பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை கொடுத்திருந்தார். கண்டக்டர் என்னிடம் முறையிட்டார்: "சிஸ்டர், இருபது வருஷம் இவரால நான் லேட்டு. இப்ப எனக்கே லேட்டுன்னு செவப்பு மையில எழுதுறாரு!"

எறும்புக்கடி

ஒருநாள் நோயாளிகள் போனபின் பெரிய டாக்டர் தானே மேஜையில் படுத்து, "பிரஷர் பாரும்மா" என்றார். மரப்பு மருந்து விட்டு, கருவியைக் கண்மேல் வைத்தேன். முள் காட்டிய உயர்ந்த அழுத்தத்தை நம்பாமல், கருவியைத் துடைத்து மறுபடி வைத்தேன். "சொல்லு, நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார்.

அழுத்தம் சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. ஆபரேஷன்தான் என்று ஆனதும் சின்ன டாக்டர் மரியாதைக்காக, "உங்க முறையிலேயே செஞ்சிடுறேன் சார்" என்றார். "வேணாம்ப்பா. அது என் கைக்குப் பழகினது. உன் கைக்கு எது பழகியிருக்கோ அதைச் செய்." மூடி போட்டார், கண் பிழைத்தது. ஆனால் என் நினைவில் நிற்பது அதற்கு முந்திய நிமிஷம். கண்ணுக்குப் பின்னால் மரப்பு ஊசி போடும்போதெல்லாம் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பது பெரியவரின் வழக்கம். அன்று அதை நான் அவரிடம் சொன்னேன். ஊசி இறங்கியது. என் கையை நசுக்கிவிட்டார். மூச்சு வந்ததும் சொன்னார்: "ஏம்மா, இத்தனை வருஷம் இவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கேன், ஒரு ஆளுகூட என்னை அடிக்கலையே!"

ஓட்டையா மூடியா என்ற வழக்கு நான் வேலையை விடும்வரை தீரவில்லை. இரண்டு முறையிலும் கண் பிழைத்தவர்களோ சந்தையில் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, காய்கறிப் பையைக் கீழே வைக்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி, ஆபரேஷன் செய்த இடத்தைக் காட்டினார்கள்.