தலைத்துணிச் சேலை

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது. சத்துவாச்சாரியில் காலி மனை என்றால் ஒன்று ஆடு மேயும், இல்லாவிட்டால் எவனாவது தகரக் கொட்டகை போடுவான். போன மாதம் ஒருவன் கொட்டகை போட்டான். ரெடிமேட் கம்பெனிகளிலிருந்து கழிவுத் துணியை எடுத்துவந்து பிரித்து விற்கிற தொழில். போடட்டும், நமக்கென்ன என்று இருந்தேன். மறுநாள் காலை காபித் தம்ளரை வாயில் வைத்தபோது அங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது. டர்ர்ரென்று, புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம். பல் கூசிவிட்டது. இருக்கிற நாலு பல்லும் கூசியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். புத்தம் புதுச் சட்டைகள். ஒரு பையன் ஒவ்வொன்றையும் எடுத்து முதுகில் பிளேடு போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே இருக்குது? யாருக்காவது குடுக்கக் கூடாதா?"

"முழுசா வெளிய போனா கம்பெனி பேரு கெட்டுடும் ஆயா. கிழிச்சாத்தான் எங்களுக்கே பில்லு பாஸாவும்" என்றான்.

நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. காபியைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் அந்தக் கஞ்சி வாசனை வந்துவிட்டது. கப்பலுக்குப் போகிற லுங்கிக்கு மொடமொடவென்று போடுவார்களே, அந்தக் கஞ்சி. அதோடு சுற்றியிருந்த தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றமும் சேர்ந்தால் அதுதான் என் பதினேழாவது வயது. மற்றவர்களுக்கு அந்த வயதில் மல்லிகைப்பூ வாசனை வந்ததாம். கொடுத்து வைத்தவர்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில், இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. என் அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். மேல்விஷாரத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் நானும் அண்ணியும் மட்டும். அரிசிக்குப் பஞ்சம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எல்லோரும் சொல்லியிருப்பார்கள். துணிக்குப் பஞ்சம் வந்ததை யாரும் சொல்லமாட்டார்கள், வெட்கம். துணி கன்ட்ரோலில் போய்விட்டது. கார்டுக்கு இத்தனை கெஜம் என்று சட்டம். கடைக்குப் போனால் அந்தக் கெஜமும் இல்லை. எங்கள் வீட்டில் வெளியே கட்டிப்போகிற மாதிரி இருந்தது ஒரே ஒரு சேலை, அண்ணியின் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. அதை நான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். அண்ணி அண்ணனின் பழைய வேட்டியில் பாதியைச் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே பீடி சுற்றுவாள். நான் வந்து அவிழ்த்துக் கொடுத்தால் அவள் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போவாள். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் இறங்கியதே கிடையாது.

நான் போன வேலை என்ன தெரியுமா? துணி கிழிக்கிற வேலை. சிரிக்காதீர்கள், உண்மைதான்.

கந்தல் கொட்டகை என்று பெயர். குடியாத்தத்து லுங்கி வியாபாரிகளின் கழிவுச் சரக்கு மூட்டை மூட்டையாக அங்கே வரும். சாயம் ஓடினது, கட்டம் கோணினது, துறைமுகத்தில் நனைந்து திரும்பினது. கழிவு என்றால் ஓட்டை ஒடிசல் இல்லை. கட்டிக்கொண்டு ராஜாத்தி மாதிரி போகலாம். ஆனால் முழுத்துணி கன்ட்ரோலில் சேர்த்தி, முழுசாக விற்றால் கேஸ். கிழிந்த துணிக்கு மட்டும் கன்ட்ரோல் கிடையாது. ஆகவே நாங்கள் கரையைப் பல்லால் கடித்து, டர்ரென்று இழுத்து, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாகக் கிழித்துப் போடவேண்டும். அது தோல் ஷாப்புக்கு எண்ணெய் துடைக்கவும் சாயம் துடைக்கவும் போகும். மாட்டுத்தோலைத் துடைக்கத் துணி இருந்தது. மனுஷத்தோலை மூட இல்லை. எங்களில் பாதிப் பேர் முந்தானை கிழிந்தவர்கள், உட்கார்ந்து புதுத்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தோம். எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் வீட்டுப் பொம்பளைகள் என்ன கட்டிக்கொண்டார்களோ.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. பஞ்சுத்தூசி தலையில் அப்பாமலிருக்க ஆளுக்கு ஒரு கிழிசலைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். சாயங்காலம் அதோடேயே வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தலைத்துணி என்போம். அதைக் கொண்டுபோய்த் தலையணைக்குத் தைப்பவர்கள் உண்டு, குழந்தைக்கு இடுப்பில் கட்டுபவர்கள் உண்டு.

சேலை தைக்கலாம் என்று யோசனை சொன்னது ஜுலேகா பீ. என் பக்கத்தில் உட்கார்ந்து கிழிக்கிற விதவை, வாய் மட்டும் மூடாது. மேஸ்திரி நிற்கிற இடமென்பதால் புர்காவைக் கழற்றமாட்டாள், முகத்திரையை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்வாள். வேர்த்துக் கொட்டும். "உனுக்கு பேஜாரா இல்லியா பீபீ?" என்று கேட்டால், "அரே, இது எனுக்கு சவுகரியம்டீ. உள்ள கோணி கட்டிக்கினு வந்தாகூட எவனுக்குத் தெரியும்?" என்பாள். நாங்கள் சிரித்துச் சிரித்து இருமுவோம்.

சேலையை அவசரமாகத் தைக்கவேண்டி வந்ததற்குக் காரணம் அண்ணியின் அம்மா. திமிரியில் அந்த அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். திமிரி ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் நடையைக் கட்டினால் மத்தியானக் கஞ்சிக்குப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு லீவு. அன்றைக்கு மட்டும் அண்ணி சேலையைக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய், அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். "இன்னிக்கு ஒருநா தங்குடின்னு கையைப் புடிச்சிக்கினு வுட மாட்டேன்றாங்க" என்று சொல்லிக்கொண்டே சேலையை அவிழ்த்து என் கையில் கொடுப்பாள். மறுநாள் எனக்கு வேலை. ஒருநாள் போகாவிட்டால் கேட்டுக்கு வெளியே அந்த இடத்துக்கு ஆள் நிற்கும்.

ஆக, இன்னொரு சேலை வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

நான் தினமும் ஒரு தலைத்துணி கொண்டுவந்தேன். ஜுலேகா பீ தன்னுடையதையும் கொடுத்தாள், மற்றவர்களும் கொடுத்தார்கள். ஆனால் அண்ணிக்கு ஒரு பிடிவாதம். "கண்ட கலர்லயும் ஒட்டுப்போட்டுக் கட்டிக்கினு போனா, எங்கம்மா பாத்த மாத்திரத்துல உசுர வுட்டுடும். ஒரே கட்டமா கொண்டா." அதனால் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய கட்டம் போட்ட மூட்டையிலிருந்தே பொறுக்கினோம். அண்ணி ஓரத்து நூலையே உருவி எடுத்து, கட்டத்துக்குக் கட்டம், கோட்டுக்குக் கோடு சேர்த்துத் தைத்தாள். கிட்டே வந்து தடவினால்தான் ஒட்டு தெரியும். ஜுலேகா பீயிடம் நான் பெருமையாகச் சொன்னபோது அவள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். "இவ்ளோ அழகு வாணாம்டீ. அலங்கோலமா தைக்கச் சொல்லு." எனக்கு அப்போது புரியவில்லை.

சேலை முடிந்த அன்றைக்கே திமிரியிலிருந்து சேதி வந்தது. கண் திறக்கவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்று. அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் விடிந்ததும் அண்ணி கட்டம் போட்ட சேலையை எடுத்து உதறினாள். நான்தான் பிடுங்கிக்கொண்டேன். "அம்மா வூட்டுக்கு லுங்கிய ஒட்டிக் கட்டிக்கினு போவியா? நாலு பேரு வந்து போற எடம். நீ அரக்கைக் கட்டு, நான் இதைக் கட்டிக்கினு போறேன். கொட்டகைல எல்லாம் நம்ம ஜனந்தான்." அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. "அப்பன்னா பீடிக் கட்டைக் கணக்குப்பண்ணிக் குடுத்துட்டு மத்தியானமா கெளம்பறேன்" என்றாள். அன்று முதல்முறையாக எங்கள் வீட்டில் இரண்டு பொம்பளைகளும் ஒரே நேரத்தில் சேலை கட்டி நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அவளே அதைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பாசம் வந்தால் புத்தி போய்விடும் என்பது சும்மாவா?

கொட்டகையில் பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். வெயில் ஏறியபோது முதலாளி வந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை, பண்டிகைக்கு எங்களுக்கெல்லாம் வெல்லம் கொடுப்பவர்தான். ஆனால் கன்ட்ரோல் ஆபீஸ்காரர்கள் பக்கத்து ஊரில் ஒரு கடையைச் சீல் வைத்த வாரம் அது. மனுஷன் நிழலைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"இது நம்ம சரக்குதானே?"

"தலைத்துணிங்க. ஒட்டுப்போட்டது."

முந்தானையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "கிழிசலைத் தச்சா அது துணி. துணின்னா கன்ட்ரோல். நாளைக்கு எவனாவது ரோட்டுல உன்னைப் பாத்து, முழுத்துணி இங்கேர்ந்துதான் போவுதுன்னு எழுதிப்போட்டா நான் உள்ள போவணுமா? கழட்டி மூட்டைல போடு."

"கலர் கலரா ஒட்டியிருந்தாலாச்சும் பிச்சைக்காரச் சேலைன்னு வுட்டுருப்பாரு" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். அப்போதுதான் ஜுலேகா பீ சொன்னது எனக்கு உறைத்தது.

"கழட்டிட்டு இன்னா கட்டிக்கினு போவா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முதலாளி. கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரியாதவர் மாதிரி கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மூட்டைகளுக்குப் பின்னால் பெண்கள் என்னைச் சுற்றி நின்று மறைத்தார்கள். நான் அவிழ்த்தேன். மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, அதை என்னையே கிழிக்கச் சொன்னார் மேஸ்திரி. புதுத்துணி மாதிரி அது சத்தம் போடவில்லை. அண்ணி போட்ட தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது, பழையபடி தலைத்துணியாக விழுந்தது. நான் உடம்பைக் கையால் மூடிக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போயிடலாம் போல இருந்தது.

அப்போது ஜுலேகா பீ புர்காவைத் தலைவழியாகக் கழற்றி என்மேல் போட்டாள். "போட்டுக்கினு வூட்டுக்குப் போ. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து குடு, அதுவரிக்கும் நான் இங்கயே மூட்டைக்குப் பின்னால உக்காந்திருக்கேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் உடம்பில் இருந்தது கோணி. சர்க்கரை மூட்டைக் கோணி, மில்லின் எழுத்து இடுப்பில் அப்படியே இருந்தது. இத்தனை நாளும் அவள் சொன்னது தமாஷ் இல்லை. மேஸ்திரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாளைக்கு ஒழுங்கா முழுச்சேலைல வா, வேலை இருக்குது. வரலன்னா வேற ஆளு" என்று என்னிடம் சொன்னார். முழுச்சேலையாம்!

நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி அரக்குச் சேலையில், தலை வாரி, மூட்டை கட்டி, வாசற்படி தாண்டத் தயாராக நின்றிருந்தாள். புர்கா போட்டவள் யாரென்று முதலில் தெரியவில்லை. திரையைத் தூக்கினேன். நான் அழுத அழுகையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீ போ அண்ணி. நான் வூட்டுலயே கெடக்கறேன்" என்றேன். புர்காவை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் நாளைக் காலையில் எதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது? வேலை போனால் எதைத் தின்பது? பட்டாளத்திலிருந்து மணியார்டர் நின்று எத்தனையோ மாதமாகியிருந்தது. அவள் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். சேலையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பொம்பள உக்காந்துக்கினு இருப்பா. போய்க் குடுத்துட்டு வா. வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு நாளுதானே" என்றாள்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை வரை தாங்கவில்லை. வியாழக்கிழமை நான் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில் சாவுச் சேதி சொல்ல ஆள் வந்திருக்கிறான். வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறான். அண்ணி கதவைத் திறக்கமுடியாது. உள்ளேயிருந்தே, சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே, அம்மா செத்த சேதியைக் கேட்டுக்கொண்டாள். "ஏம்மா, கதவத் தொறந்து வராம இன்னாம்மா மகளு நீ?" என்று அவன் திட்டிவிட்டுப் போனதையும் கேட்டுக்கொண்டாள். நான் சாயங்காலம் வந்து சேலையைக் கொடுத்து, அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ராத்திரியாகிவிட்டது, சுடுகாட்டிலிருந்து எல்லோரும் எப்போதோ திரும்பிவிட்டிருந்தார்களாம். பெற்ற மகள் கதவைத் திறக்கவில்லை என்ற பேச்சு அந்த ஊரில் நின்றுவிட்டது. அவள் காரணம் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளச் சேலை இல்லை என்று எந்தப் பெண் ஊரைக் கூட்டிச் சொல்வாள்?

அதற்கப்புறம் தலைத்துணியைக் கேட்டிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. சண்டை முடிந்தது, அண்ணன் வந்தான், துணியும் வந்தது. கந்தல் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஜுலேகா பீ குடியிருந்த சந்தே இல்லை. நான் தேடிப் போனபோது அப்படி ஒருத்தியைத் தெரிந்தவர்கூட இல்லை. அவளுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று நான் நினைத்தது நினைத்ததோடு சரி.

அண்ணி போன வருஷம் தவறிப்போனாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோடிச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போட்டார்கள். பட்டு, பாலியெஸ்டர், ஒன்றின்மேல் ஒன்றாக, முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு. திமிரியிலிருந்தும் வந்திருந்தார்கள். "குடுத்து வச்ச உசுரு, எவ்ளோ சேலை பாரு" என்றாள் ஒருத்தி. எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அதில் ஒன்று, ஒரே ஒன்று, அந்தப் புதன்கிழமை எங்கள் வீட்டில் இருந்திருந்தால், அண்ணி தன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

பக்கத்து மனையில் இன்னும் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். அப்படியும் கேட்கிறது.