இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒன்பது பிள்ளைகள்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லுமுன், பன்னிரண்டு வருஷம் டீச்சராக இருந்த நான் பொய் சொல்லத் துணிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் சாட்சி முழுசாகாது.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற பாதையில் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடம். சர்க்கார் தரும் கிராண்டுப் பணத்தில் நடக்கிறது. அப்போது யுத்த காலம். ஐப்பசி மாதம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் மணிலாக் கடலை பிடுங்கும் நேரம். பட்டியலில் நாற்பது பேர், வருவது ஒன்பது பேர். மற்றவர்கள் தாய் தகப்பனோடு கொல்லை நிலத்தில் செடியிலிருந்து கொட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கூலியாகக் கிடைக்கும் கொட்டைதான் அவர்கள் வீட்டுக்குக் கஞ்சி. நான் எப்படித் தடுப்பேன்?

அந்த வாரம் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், பிள்ளைகள் குறைவாக இருந்தால் அங்கீகாரம் ரத்து. அங்கீகாரம் போனால் கிராண்டு நின்றுவிடும், பள்ளியை மூடவேண்டியதுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி, வராத பிள்ளைகளின் பெயரில் உட்காரவைப்போம். போன வருஷம் நானே என் பிள்ளைகளை அனுப்பியிருந்தேன். பக்கத்து ஊர் வாத்தியார், "இன்னாத்துக்கு டீச்சர் கவலப்படறீங்க? எங்க ஊர்ல இன்னும் புடுங்க ஆரம்பிக்கல, முப்பது பசங்கள அனுப்பறேன்" என்றார். சரி என்றேன். மாதாவுக்குரிய ஜெபமாலை மாதம் வேறு. பொய்யை மனசில் வைத்துக்கொண்டே, "பள்ளியைக் காப்பாற்று தாயே" என்று தினமும் மாதாவிடம் மன்றாடினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வியாழன் காலையில் இரவல் பிள்ளைகள் வரப்பு வழியாக வந்தார்கள். முன்னால் வந்த சிறுமி, "டீச்சர், இன்னிக்கு எம் பேரு இன்னா?" என்று கேட்டாள். சொன்னால் மனப்பாடம் செய்துகொள்ளத் தயாராக நின்றாள். இதைக் கற்றுக்கொடுக்கவா நான் டீச்சர் ஆனேன்? அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினேன். மாதா படத்தின் முன் முழங்காலிட்டு, "உள்ளதைச் சொல்லப் போகிறேன், பக்கத்தில் நில் தாயே" என்றேன். பயம் விட்டுப்போயிற்று.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மத்த புள்ளைங்க எங்கம்மா?"

"மல்லாட்ட ஆயப் போயிட்டாங்கய்யா. இரவல் புள்ளைங்கள உக்காரவைக்கப் பாத்தேன். மனசு வரல."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "கொல்லையக் காட்டுங்க" என்றார்.

மண் ஒட்டிய கையோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வாசிக்கச் சொன்னார், வாசித்தார்கள். கொட்டை அளக்கும் மரக்கால் கணக்குப் போட்டார், வாய் மூடுமுன் விடை வந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"அறுவடைக்கு லீவு கேட்டு எழுதினா குடுப்போமே. ஏன் எழுதல?"

"கேக்கலாம்னே தெரியாதுங்கய்யா."

தலையில் அடித்துக்கொண்டு, வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினார். மூன்று வாரம் அறுவடை லீவு. ஏழைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டுக்கும் சிபாரிசு. அங்கீகாரம் நிலைத்தது. பக்கத்து ஊர் வாத்தியாரையும் லீவு கேட்டு எழுதவைத்தேன். இரவல் வழக்கம் அதோடு ஒழிந்தது.

லீவு முடிந்த திங்கட்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். பின்னாலேயே ஒரு கூலிக்காரர், பள்ளி வாசலையே மிதிக்காத தன் மகளைக் கைபிடித்து அழைத்துவந்தார். "சர்க்காரே கொல்லைக்கு வந்து கேக்குதே டீச்சர், இவளையும் சேத்துக்குங்க" என்றார்.

நான் கேட்டது நாற்பது பேருக்காக. தாய் கொடுத்தது நாற்பத்தொரு பேர். நீங்களும் மாதாவிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.