லொறியின் முகத்தைத் தூக்கி வைத்த காலை

அந்த மெக்கானிக் முழு நேரமும் என் கணவரைப் பார்த்தே கதைத்தார். லொறியை கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போனது நான். சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறுகிறது என்று சொன்னதும் நான். அவரோ என்னைத் தாண்டி, பக்கத்து சீற்றில் இருந்தவரிடம் சொன்னார்.

"அண்ணை, ஹெட் காஸ்கெற் போயிட்டுது. எஞ்சினைக் கழற்றவேணும். பழைய வண்டி, பேசாமல் வித்துப்போடுங்கோ."

"ஒயிலைப் பார்த்தீங்களோ?" என்று கேட்டேன்.

"அக்கா, ஓட்டுறது வேற, வேலை தெரியிறது வேற."

நீரிழிவு என்ற சீனி வருத்தத்தில் கண் மங்கும் வரை அந்த லொறியை ஓட்டியவர் என் கணவர். அதன் பிறகு நான் லைசன்ஸ் எடுத்து, ஓலைத்தொடுவாய்க் கரையிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினேன். பொம்பிளை லொறி ஓட்டுறாளாம் என்று சிரித்தவர்கள் சிரித்துக் களைத்தும் போனார்கள். இப்போது அதை விற்கச் சொல்ல இந்த மெக்கானிக் யார்? "எஞ்சினைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு லொறியைத் திருப்பினேன். வழியில் தாராபுரத்தடியில் ஊசி மீண்டும் ஏறியது. மரநிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

வீட்டு வாசலில் என் கணவர், "வித்தால் என்ன?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் லொறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

ஆனால் கோபம் எஞ்சினைத் திருத்தாது. முதலில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். காஸ்கெற் போய்த் தண்ணீர் கலந்திருந்தால் ஒயில் பால்த்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன். காஸ்கெற் போனால் வரும் வெள்ளைப் புகையும் இல்லை. ஊசி ஏறுவதும், சட்டென்று விழுவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். றேடியேற்றரின் மேல் குழாய் கையைச் சுட்டது, கீழ்க் குழாய் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. உள்ளே எங்கோ, போத்தலைக் கவிழ்த்தது போல ஒரு களக் களக்.

அப்போதுதான் யோசித்தேன். இந்த வருத்தம் எப்போது தொடங்கியது? போன கிழமை குழாய் வெடித்து, ரோட்டோரத்தில் புதுக் குழாய் பூட்டி, அவசரத்தில் தண்ணீரை மடமடவென்று ஊற்றிய பிறகுதான். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி காலியாகி நிரம்பினாலும் இப்படித்தான். குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால், தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும் பைப்பில் ஒரு சொட்டு வராது.

"காத்துப் பிடிச்சிருக்குதப்பா," என்றேன்.

அதைக் கேட்டதும் என் கணவரின் குரல் மாறியது. "அப்பிடியெண்டால் முகத்தைத் தூக்கி வைக்கவேணும். றேடியேற்றர் வாய்தான் எல்லாத்துக்கும் மேல நிக்கவேணும். காத்து மேலதான் ஏறும்."

எங்கள் தீவு உள்ளங்கை மாதிரித் தட்டை. ஏற்றம் என்று எங்கள் பக்கம் இருப்பது ஒன்றே ஒன்று: ரோட்டிலிருந்து சம்மாட்டியின் வாடிக்கு, கரையில் மீன் இறக்கி வைக்கும் கொட்டிலுக்கு, இறங்கும் சீமெந்துச் சரிவு. படகுகளும் வாடியும் சம்மாட்டியுடையவை. மீனை யார் லொறி ஏற்றுவது என்று தீர்மானிப்பவரும் அவர்தான். என் லொறி படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் வேறு லொறிக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் அந்தச் சரிவில் லொறியைப் பின்னுக்கு இறக்கி, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்தேன். எஞ்சின் நன்றாக ஆறியதும் றேடியேற்றர் மூடியைத் திறந்து, மேல் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு தண்ணீர் கசிந்தது. கிளிப்பை இறுக்கினேன்.

சம்மாட்டி வந்துவிட்டார்.

"பிள்ளை, லொறியை எடு. மற்ற லொறி இறங்கவேணும்."

"காத்து முழுக்கப் போனாப் பிறகுதான் எடுப்பன்."

"ஆரைக் கேட்டு இதில விட்டனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்ல."

அவர் கத்தினார். நான் என் கணவரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கண் மங்கிய பிறகு அவர் அன்றுதான் முதன்முதலாக ஓட்டுநர் சீற்றில் இருந்தார். திறந்திருந்த றேடியேற்றர் வாயில் குமிழிகள் கிளம்பின.

"குமிழி நிக்காட்டி அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரி," என்றார் உள்ளே இருந்து. காஸ்கெற் போயிருந்தால் எஞ்சின் ஓடும் வரை காற்று வந்துகொண்டே இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

"நிக்கும்," என்றேன். சம்மாட்டிக்கு முன்னால் பயத்தைக் காட்டுவேனா?

விசிறிக்குக் கை போகாமல், துணி சுற்றி மேல் குழாயை அமுக்கி அமுக்கி விட்டேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குமிழி. எஞ்சின் சூடேறி, உள்ளே சூட்டுக்குத் திறக்கும் வால்வு திறந்ததும், தண்ணீர் ஒரே மிடறாய்க் கீழே இறங்கியது. என் வாளி காலி. வாடியில் மீன் வெட்டுகிற பெண் ஒருத்தி, சம்மாட்டி பார்த்துக்கொண்டிருக்கவே, ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அதை ஊற்றினேன். இரண்டு மூன்று குமிழி. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் வாயளவில் அசையாமல் நின்றது. கீழ்க் குழாயைத் தொட்டேன். சுட்டது!

மூடியை இறுக்கினேன். மீன் பெட்டிகளை ஆட்கள் தலையில் சுமந்து, ரோட்டில் நின்ற மற்ற லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைய மீன் எனக்கில்லை. கணவர் பக்கத்து சீற்றுக்கு மாற, வெறும் லொறியோடு ரோட்டுக்கு ஏறினேன்.

தீவை அக்கரையோடு இணைக்கும் தாம்போதிப் பாலம் தாண்டியும் ஊசி நடுவிலேயே நின்றது. "கராஜுக்கு முன்னால ஒருக்கா விட்டிருக்கலாம்," என்றார் இவர், சிரித்துக்கொண்டு.

"அவருக்குக் காட்டவோ நான் இதைச் செய்தனான்?"

நான் தெற்கே, முள்ளிக்குளத்துப் பக்கம் திருப்பினேன். அந்தக் கரைக்கு லொறி வருவது குறைவு என்று கேள்விப்பட்டிருந்தேன். வலை தட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இறங்கிப் போய், "மீன் ஏத்த லொறி வேணுமோ?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழும்பி, "எந்தெந்த நாள் வருவீங்கள்?" என்று கேட்டார்.

இப்போது சம்மாட்டியின் மீனும் ஏற்றுகிறேன். அவராகத்தான் ஆள் அனுப்பினார். முள்ளிக்குளத்து நாட்கள் போக மிச்ச நாட்களில் மட்டும் வருவேன் என்று, வாடிக்குள் போய், எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் முதல் பெட்டியை ஏற்றவிட்டேன்.