காலி ஜீப்பில் போடிமெட்டுக்கு

மதுரை ரயில் நிலையத்தில் போடிநாயக்கனூருக்கு டிக்கெட் எடுத்தபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "போடியில எறங்கி வண்டி சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டார். முதுகுப் பையைப் பார்த்தே மலைக்குப் போகிறவள் என்று தெரிந்துகொண்டிருப்பார். வண்டி சொல்லவில்லை என்றேன். "அப்ப எப்படி மேல போவீங்க?" என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் கிளம்பியிருந்தேன்.

கோயம்புத்தூரில் மின்சார வண்டிகளுக்கு மோட்டார் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறைப் பயணங்களில் எனக்கு ஒரே ஒரு விதி: எனக்காக மட்டும் ஒரு வண்டி ஓடக்கூடாது. ஏற்கெனவே ஓடுகிற ரயில், ஏற்கெனவே ஓடுகிற பஸ், ஷேர் ஆட்டோ, மிச்சத்துக்கு நடை. சமவெளியில் இது ஒரு சிரமமே இல்லை. மலையில் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில்தான் மாட்டிக்கொள்வேன். பஸ் சாலையோடு நின்றுவிடும். தங்குமிடம் சரிவுக்குள் எங்கோ இருக்கும்.

இந்த முறை நான் தங்கத் தேர்ந்தெடுத்த ரெஜினா அக்காவின் வீடும் அப்படித்தான். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் கொஞ்ச தூரம் போய், பெரிய எஸ்டேட் ஒன்றுக்குள் பிரியும் மண்பாதையில் நான்கு கிலோமீட்டர். அங்கே அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஏலத்தோட்டமும், வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும் உண்டு. கணவர் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை செய்கிறார். அறைக்காக நான் தொலைபேசியில் அழைத்தபோது அக்கா முதலில் சொன்னதே, "கார்ல வராதீங்க, விட மாட்டாங்க" என்பதுதான்.

போன சீசனில் யாரோ ஒருவருடைய கார் அடிவயிறு கல்லில் தட்டி அந்தப் பாதையில் குறுக்கே நின்றுவிட்டதாம். எடுத்த காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோக முடியாமல் லோடு அத்தனையும் காத்துக் கிடந்தது. அதிலிருந்து வெளி வண்டிகளுக்கு எஸ்டேட் கேட் திறப்பதில்லை. தெரிந்த ஜீப்புகளுக்கு மட்டும்தான் அனுமதி. தனி ஜீப் பேசினால் அறை வாடகையைவிட ஜீப் வாடகை அதிகம். வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். "இந்த மாசத்துக்குள்ள ஒரு வழி பொறக்கலன்னா வீட்டைப் பூட்டிட்டுக் கீழ போடிக்கே போயிரலாம்ங்கிறாரு எங்க வீட்டுக்காரரு. எனக்கு மனசில்ல" என்றார்.

கார் இல்லாமல் வருகிறேன், வழி இருக்கிறதா பார்ப்போம் என்று நான் சொன்னதில் இந்தப் பயணம் முடிவாயிற்று.

ரயில்

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் தொண்ணூறு கிலோமீட்டர். பல வருடம் மூடிக்கிடந்து, அகலப்பாதையாகத் திரும்பி வந்த தடம் இது. காலை வண்டியில் முன்பதிவு இல்லை. சீக்கிரம் வந்தால் ஜன்னல் கிடைக்கும். உசிலம்பட்டியில் பூக்கூடைகள் ஏறின. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைகளை ஒட்டி வண்டி மெதுவாக வளைந்தது. தேனி தாண்டியதும் மலை ஜன்னலை மறைக்க ஆரம்பித்தது. போடி கடைசி நிலையம் என்பதால் இறங்க யாருக்கும் அவசரம் இல்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

நிலையத்திலிருந்து ஊருக்குள் பேட்டரி ஆட்டோவில் போனேன். சத்தமே இல்லாத வண்டியில், கடைத்தெருவில் திடீரென்று ஏலக்காய் வாசனைக்குள் நுழைவது தனி சுகம். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. பிறகு ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். போடியிலும் ராசிங்காபுரம் போன்ற பக்கத்துக் கிராமங்களிலும் இருந்து விடியற்காலையில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக் கொண்டுவருகின்றன. ஜீப் ஓட்டுநருடையதுதான் என்றாலும் சவாரி பெண்களுடையது. வாரக் கூலி வாங்கியதும் ஆளுக்கு இவ்வளவு என்று அவர்கள்தான் தருகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மொத்தக் குழுவும் வேறு ஜீப்பில் ஏறிவிடும்.

ரெஜினா அக்கா வீட்டுப் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஓடுவது முருகேசன் அண்ணனின் ஜீப். காலையில் பெண்களை விட்டுவிட்டுக் கீழே வந்து கடைகளுக்கு லோடு அடிப்பார். மதியத்துக்கு மேல் அவர்களை அழைத்துவர, எஸ்டேட்டுக்கான கொஞ்சம் சாமான் தவிர, ஆளில்லாமல் காலியாகவே மலையேறுவார். நாலாயிரம் அடிக்கு மேல் தினமும் காலி இருக்கைகளைச் சுமந்து ஏறும் வண்டி. இதை அக்கா தொலைபேசியில் சொன்னபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆனால் பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருமுறை சென்னைக்காரத் தம்பதியை முருகேசன் அண்ணன் இப்படி ஏற்றிப் போயிருக்கிறார். வண்டி வந்து சேர இருட்டிவிட்டது. யானை நடமாடும் இடத்தில், மழையில், பெண்கள் நின்றிருக்கிறார்கள். டூரிஸ்ட் ஏறும் ஜீப்பில் இனி நாங்கள் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கெஞ்சிக் கேட்டதில் ஒரே ஒரு தடவை, சோதனைக்கு, ஒரே ஒரு ஆள் என்று சம்மதம் கிடைத்தது. அந்த ஆள் நான்.

ஏற்றம்

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். முன் இருக்கையில் நான். பின்னால் அரிசி மூட்டையும் எஸ்டேட்டுக்கான சாமான்களும். முருகேசன் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். ஏறும்போதே சொல்லிவிட்டேன்: "அண்ணே, எனக்காக எங்கேயும் நிறுத்த வேண்டாம்."

"சரிங்க தங்கச்சி. நேரா போயிருவோம்" என்றார்.

மலையடிவாரத்தில் முந்தலில் ஜீப் நின்றது.

"கொய்யா நல்லா இருக்கும். இந்தா வர்றேன்" என்று இறங்கிப் போனார். நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி இரண்டு பொட்டலம் வாங்கிவந்தார். நன்றி சொல்லித் தின்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், ஒரு வளைவில் ஓரம் கட்டினார். "எறங்கிப் பாருங்க. கீழ போடி மொத்தமும் தெரியும். பனி எறங்குச்சுன்னா தெரியாது."

"அண்ணே, நேரமாகுமே."

"ரெண்டு நிமிசம். வெரசா போயிரலாம். அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துட்டு இதப் பாக்காமப் போறதா?"

இறங்கினேன். கீழே வயல்களும் தென்னந்தோப்புகளும் ஓட்டு வீடுகளும் வெயிலில் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் பெண்கள் நான்கு மணிக்கு வேலை முடிப்பார்கள் என்பதே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பினால், அவர் தம் கைபேசியை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக நின்றார். "மலைய பின்னாடி வச்சு ஒண்ணு எடுத்துருவோம்."

போடிமெட்டில், நான் எதிர்பார்த்தபடியே, டீ. இந்த முறை நான் இறங்க மறுத்துவிட்டேன். அவர் கண்ணாடி டம்ளரை ஜீப்புக்கே கொண்டுவந்தார். சூடு ஆறும்வரை டம்ளருக்காகக் கடைக்காரரும் பக்கத்தில் நின்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அண்ணே, அன்னைக்கு அந்தச் சென்னைக்காரங்க எங்கெல்லாம் நிறுத்தச் சொன்னாங்க?"

"அவங்க எங்க சொன்னாங்க? பாவம், வாயத் தொறக்கல. நான்தான் ஒண்ணொண்ணாக் காமிச்சேன். அப்பறம் மழ பிடிச்சிருச்சு. வீட்டு வாசல்ல கொண்டு விட்டு, பெட்டிய உள்ள எறக்கி வச்சுட்டு வந்தேன். அதுல செத்த நேரமாயிருச்சு."

கேட்டைத் தாண்டி மண்பாதையில் ஏறிக் குலுங்கியபடி, வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தபோது மணி நான்கரையைத் தாண்டிவிட்டது. இடப்பக்கம் ரெஜினா அக்கா வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர். வலப்பக்கம் எஸ்டேட் ஸ்டோர். பெண்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். அண்ணன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார்.

"அண்ணே, வேண்டாம். நான் இங்கேயே இறங்கி நடக்கிறேன்."

"விருந்தாளிய நடுவழியில எறக்கி விட்டுப் போனா நல்லாவா இருக்கும்? தனியா வேற. யான வர்ற எடம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். யோசித்தேன். "ஸ்டோருக்குப் போய் அவங்களை ஏத்திக்கிட்டு, திரும்பவும் இதே வழியாத்தானே வருவீங்க? நானும் கூட வர்றேன். அக்காவை இங்கே வந்து நிற்கச் சொல்றேன். திரும்பும்போது இறக்கி விடுங்க."

மனமில்லாமல் வலப்பக்கம் திருப்பினார். நான் அக்காவைக் கைபேசியில் பிடித்தேன்.

பெண்களோடு

ஸ்டோர் வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பனிக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கைகளில் தூக்குச்சட்டி, விரல்களில் ஏலக்காய்க் கறை. குழுவுக்கு மூத்தவர் ராசிங்காபுரம் பேச்சியக்கா. ஐம்பது வயதுக்கு மேல். குரலில் மட்டும் வயது தெரியவில்லை.

"வாங்க மாப்ளே. நாளைக்கு வருவீகன்னு நெனச்சோம், இன்னைக்கே வந்துட்டீக" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையத்தான் ஊர் சுத்திக் காமிச்சீகளா?"

சாமான்களை இறக்கியதும் முன் இருக்கையை விட்டுப் பின்னால் ஏறினேன். அவர்களுக்கு இடையில் பாதி இடம் கிடைத்தது. என் பை என் மடியில், ஒருவருடைய தூக்குச்சட்டி என் பைமேல். ஜீப் நகர்ந்ததும் பேச்சியக்கா விசாரணையைத் தொடங்கினார்.

"மறைக்காமச் சொல்லு ஆத்தா. எங்கெங்க நிப்பாட்டச் சொன்ன?"

"நான் எங்கேயும் சொல்லலை அக்கா."

"அப்ப ஏன் லேட்டு?"

முன்னால் முருகேசன் அண்ணனின் பின்கழுத்து அசையாமல் இருந்தது. எனக்காகச் செலவு செய்தவரைக் காட்டிக்கொடுக்கத் தயக்கமாக இருந்தது. ஆனால் நான் மழுப்பினால் பழி மறுபடியும் வருகிறவர்கள்மேல் விழும், ரெஜினா அக்காவின் வீடு பூட்டப்படும். "முந்தல்ல கொய்யா, வளைவுல படம், மெட்டுல டீ. எல்லாம் அண்ணனோட அன்பு" என்றேன்.

ஜீப்புக்குள் எழுந்த சிரிப்பில் தூக்குச்சட்டி உருண்டது.

"அடப்பாவி மனுசா! அன்னைக்கு அந்த மெட்ராஸ்காரங்கள என்னா பேச்சுப் பேசினோம்! அம்புட்டும் உம் சோலிதானா?" என்றாள் மூலையிலிருந்த பெண்.

"வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ வாங்கித் தர்றது தப்பா?" என்றார் அண்ணன், திரும்பாமலே.

"தப்பில்ல மாப்ளே. ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்ற அன்னைக்கு வாங்கிக் குடு. அவ கேட்டே பத்து வருசமாச்சாம்" என்றார் பேச்சியக்கா. அண்ணனும் சிரித்துவிட்டார்.

பிரிவில் ரெஜினா அக்கா குடையோடு நின்றிருந்தார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. மெலிந்த உருவம், ஸ்வெட்டருக்கு மேல் துண்டு. ஜீப் தாமதம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேராகப் பேச்சியக்காவைத்தான் பார்த்தார்.

"சேச்சி, ஒங்க விருந்தாளிய எறக்கிக்கங்க. இன்னைக்கும் லேட்டுத்தான்" என்றார் பேச்சியக்கா.

ரெஜினா அக்கா என் பையை வாங்கிக்கொண்டார்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஏறி வர்றப்ப வண்டி காலி. காலையில எங்கள விட்டுட்டு எறங்குறப்பவும் காலி. அதுல ஒங்க ஆளுக வந்துட்டுப் போகட்டும். எங்க எடத்துல யாரும் கை வைக்கலையே. ஆனா இந்த இடத்தோட சரி. வாசலுக்கெல்லாம் வண்டி வராது, நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க. இந்த மாப்ளே நடுவுல எங்கயாச்சும் நின்னாருன்னா அன்னையோட முடிஞ்சது. டீய ஒங்க வீட்டுல போட்டுக் குடுங்க."

"சரி, சரி" என்றார் ரெஜினா அக்கா. ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் மழையே இல்லை என்பதைக் கவனித்துக் குடையை மடக்கினார். வீடுவரை ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்தோம். வழியெல்லாம் அவர்தான் பேசினார். எந்த அறையில் காலை வெயில் விழும், யார் யாருக்கு முதலில் தகவல் சொல்லவேண்டும், கிழவர்கள் வந்தால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு என்ன செய்வது என்று. கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு இந்த வழி உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இறக்கம்

இரண்டு நாள் தங்கினேன். மூன்றாம் நாள் காலை, பெண்களை ஸ்டோரில் விட்டுவிட்டு வந்த ஜீப்பில், பிரிவிலிருந்து ஏறினேன். முருகேசன் அண்ணன் போடிமெட்டில் டீக்கடையைப் பார்க்காமலே கடந்தார். அந்த வளைவு வந்தபோது மட்டும் வேகம் குறையாமல் ஒரு விரலை நீட்டினார். "ஓடிக்கிட்டே பாத்துக்கங்க." பார்த்துக்கொண்டேன்.

போடியில் நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். வருகிறவர்கள் எல்லோரும் தரவேண்டும் என்றால் நானும் தந்தாக வேண்டும் என்றதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பை போதும். மதியம் இரண்டு மணிக்குள் போடி ஜீப் ஸ்டாண்டில் இருங்கள். பின்னால் சாமான் ஏறுவதால் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குத்தான் இடம், ரெஜினா அக்காவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்களின் விடுமுறை நாளில் ஜீப்பும் இல்லை.

கோயம்புத்தூரில் எங்கள் தெருவிலிருந்து தினமும் காலையில், ஒரே திசையில், ஒவ்வொரு காரிலும் ஒவ்வொருவர் வேலைக்குப் போகிறோம். காலி இருக்கைகளுக்குக் குறைவே இல்லை. சரியென்றோ முடியாதென்றோ முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்குத்தான் ஒரு பேச்சியக்கா இல்லை.

ரயில் தேனியைத் தாண்டும்போது ரெஜினா அக்கா அழைத்தார். திருநெல்வேலியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் சனிக்கிழமை வருகிறார்களாம். ஜீப் எங்கேயும் நிற்காது, கடைசியில் நடக்கவும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். "அதுக்கென்ன, வர்றோம்னுட்டாங்க" என்றார். பின்னணியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. என்னவென்று கேட்டேன்.

"மெத்தைய வெயில்ல போட்டுருக்கேன்."